கோழிக்கால் விமானத்துக்கு ஒரு வக்காலத்து

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தபோது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "மெஷின் சம்பந்தமா இருக்கணும், ஆனா சிலபஸ் மாதிரி இருக்கக் கூடாது." நான் யோசிக்கவே இல்லை. "வால்கிரி பத்தி எழுதறேன்" என்றேன். கேட்டு வந்தவன் என் அறைத்தோழன்தான். "எது, அந்தக் கோழிக்கால் ஏரோப்ளேனா? டேய், மூணாவது வருஷம் வந்துட்டோம். இன்னுமா பொம்மை?" என்றான்.

எங்கள் ஹாஸ்டலில் அதற்குக் கோழிக்கால் என்றுதான் பெயர். சுவரில் நான் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்க்கிற எல்லோரும் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "ஃபுல்லா விமானமா இருந்தாலும் நல்லா இருக்கு, ஃபுல்லா ரோபோவா நின்னாலும் நல்லா இருக்கு, இது என்னடா ரெண்டுங்கெட்டானா?" என்பார்கள். அந்த ரெண்டுங்கெட்டான் கோலம்தான் மூன்றிலும் சிறந்தது என்பது என் கட்சி. மற்ற இரண்டுக்கும் வாதாட நிறையப் பேர் இருக்கிறார்கள். இதற்கு நான் ஒருத்தன்தான்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 1982 அக்டோபரில் ஜப்பான் தொலைக்காட்சியில் 'சூப்பர் டைமென்ஷன் ஃபோர்ட்ரெஸ் மேக்ராஸ்' என்ற கார்ட்டூன் தொடர் தொடங்கியது. மொத்தம் 36 அத்தியாயங்கள், 1983 ஜூனில் முடிந்தது. கதைப்படி 1999இல் வேற்றுக்கிரகக் கப்பல் ஒன்று பூமியில் ஒரு தீவின் மேல் வந்து விழுகிறது. அரண்டு போன நாடுகள் ஒரே அரசாங்கமாகச் சேர்கின்றன. சும்மா சேரவில்லை, நடுவில் பெரிய சண்டை போட்டுவிட்டுத்தான்! அந்த அரசின் விண்வெளிப் படைக்கு யு.என். ஸ்பேசி என்று பெயர். விழுந்த கப்பலை ஆராய்ந்தால் அதை ஓட்டிவந்தவர்கள் நம்மைப் போல ஐந்து மடங்கு உயரம், கிட்டத்தட்ட 10 மீட்டர் என்று தெரிகிறது. என்றைக்காவது அவர்கள் தேடிக்கொண்டு வந்தால் கைகலப்புக்கு நமக்கும் அந்த உயரத்தில் ஓர் உடம்பு வேண்டும். வானத்திலும் சண்டை போட வேண்டும். ஆகவே விமானமாகப் பறந்து, மனிதனாக இறங்கி நிற்கிற ஒரு யுத்த யந்திரம். அதுதான் வி.எஃப்-1 வால்கிரி.

அதற்கு மூன்று கோலங்கள். ஃபைட்டர் என்றால் போர் விமானம். பேட்ராய்ட் என்றால் கை கால் தலையோடு நிற்கும் ராட்சத ரோபோ. இரண்டுக்கும் நடுவில் கெர்வாக் என்று ஒன்று. உடம்பு விமானம்தான், இறக்கை விரிந்தபடியே இருக்கும், மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அடியிலிருந்து இரண்டு கால் இறங்கியிருக்கும், பக்கத்தில் இரண்டு கை முளைத்திருக்கும். முட்டி பின்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும், கோழிக்கு இருக்கிற மாதிரி. விமானி அறையில் பி, ஜி, எஃப் என்று மூன்று லீவர்கள். கதாநாயகன் ஹிகாரு ஒரு சாகச விமானி, ராணுவத்தான் அல்ல. தெரியாத்தனமாக இதில் ஏறி உட்கார்ந்து, தான் ஓட்டுவது ரோபோ என்றே தெரியாமல், கீழே விழும்போது சீனியர் சொன்னதைக் கேட்டு 'பி' லீவரை இழுத்து ஊருக்குள் ஒரு கட்டிடத்தின் மேல் போய் விழுவான். முதல் அத்தியாயத்திலேயே இது நடக்கும். யூசர் மேனுவல் படிக்காமல் மெஷினைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல படம் நம் பட்டறைச் சுவரில்கூட இல்லை.

இதை வரைந்தவர் ஷோஜி கவமோரி. தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 22. கெயோ பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் படிக்கப் போனவர். நம் வயதோடு இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். தான் வரையும் உருமாற்றங்களை லெகோ கட்டைகளில் கட்டி, மடித்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். பேப்பரில் எதையும் எதுவாகவும் மாற்றிவிடலாம், கையில் இருக்கிற கட்டை அப்படி விடாது. ஒரு பாகம் போக வேண்டிய இடத்தில் இன்னொரு பாகம் உட்கார்ந்திருந்தால் அது இடிக்கும். இடித்தால் திரும்ப முதலிலிருந்து.

அந்த மடிப்பைச் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை. ஃபைட்டர் கோலத்தில் வால்கிரி அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 டாம்கேட்டுக்குத் தம்பி மாதிரி இருக்கும். இரண்டு எஞ்சின், இரண்டு வால் துடுப்பு, பறக்கும்போதே முன்னும் பின்னும் சாய்கிற இறக்கை. இப்போது அந்த இரண்டு எஞ்சினையும் பாருங்கள். அவைதான் முழங்காலுக்குக் கீழே. எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் வாய் இருக்கிற பகுதி தொடை. பின்னால் நெருப்பு கக்கும் குழாய் வாய் இரண்டாகப் பிளந்தால் ஒன்று பாதத்தின் முன்பக்கம், இன்னொன்று குதிகால். கைகள் எங்கே? இரண்டு எஞ்சினுக்கும் நடுவில், வயிற்றுக்கு அடியில், மடித்து ஒளித்து வைத்திருக்கிறது. தலையும் வயிற்றுக்கு அடியில்தான். லேசர் துப்பாக்கி நீட்டிக்கொண்டு விமானத்தின் ஓர் ஆயுதம் போலவே தொங்கும். ரோபோவாகும்போது மூக்கு கீழ்நோக்கி மடிந்து முன் உடம்பாகிறது. விமானி உட்கார்ந்திருக்கும் கண்ணாடி அறை நெஞ்சுப் பக்கம் போய் அதன்மேல் ஒரு கவசம் மூடிக்கொள்கிறது. இறக்கைகள் முதுகோடு சாய்கின்றன. தலை மேலே வருகிறது. ஒரு பாகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கணக்கு சரியாக இருக்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. டகாடோகு என்ற ஜப்பான் பொம்மைக் கம்பெனி இதை 55இல் ஒரு பங்கு அளவில் செய்து விற்றது, மூன்று கோலத்துக்கும் கையாலேயே மாற்றலாம். அந்தக் கம்பெனி 1984இல் திவாலானது. அதே அச்சிலிருந்து வந்த பொம்மையைத்தான் 1985இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் 'ஜெட்ஃபயர்' என்று பெயர் மாற்றி விற்றது. ஆகவே இன்றைக்கும் சிலர் என் சுவர்ப் படத்தைப் பார்த்து "ஜெட்ஃபயர்தானே?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் வரலாறு சொன்னால் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடுகிறது.

இதோடு 2007இல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' சினிமாவை வைத்துப் பாருங்கள். அதில் ஆப்டிமஸ் பிரைம் என்ற ஒரே ரோபோவுக்குக் கம்ப்யூட்டரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் வரைந்தார்களாம். லாரி பிளக்கும், ஆயிரம் துண்டு சுழலும், சத்தம் வரும், ரோபோ நிற்கும். பிரம்மாண்டம்தான், நானும் விசில் அடித்தேன். ஆனால் லாரியின் டயர் எங்கே போனது என்று நடுவில் நிறுத்திக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. இது மந்திரவாதி தொப்பியிலிருந்து முயல் எடுப்பது மாதிரி. வால்கிரி அப்படியல்ல. நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம், ஒவ்வொரு பாகத்துக்கும் விலாசம் உண்டு. ட்ராயிங் ஹாலில் மூன்று வருஷம் முதுகு வலிக்க நின்றவர்களுக்கு எது மரியாதை என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, மடிகிறது. ஆனால் நிற்குமா?

இங்கேதான் ரோபோ ரசிகர்களோடு எனக்குச் சண்டை. பேட்ராய்ட் கோலத்தின் உயரம் 12.68 மீட்டர் என்றும் வெற்று எடை 13.25 டன் என்றும் அந்தக் கற்பனைப் படையின் விவரக் குறிப்பு சொல்கிறது. 175 செ.மீ. உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஓர் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். அவனை அப்படியே 12.68 மீட்டருக்குப் பெரிதாக்கினால் உயரம் சுமார் 7¼ மடங்கு. எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு அதன் வர்க்கம், சுமார் 52 மடங்கு. எடை அதன் கனம், சுமார் 380 மடங்கு. அதாவது 26 டன்னுக்கு மேல். வால்கிரியோ அதில் பாதி. சதையும் எலும்புமாக உள்ள மனிதனைவிடப் பாதி அடர்த்தி என்றால் தண்ணீரில் போட்டால் மிதக்கும்! விமானம் அப்படித்தான் இருக்க வேண்டும், உள்ளே காலி, வெளியே மெல்லிய தகடு. ஆனால் அந்த உடம்பை வைத்துக்கொண்டு 10 மீட்டர் ராட்சதனோடு குஸ்தி போடுகிறார்கள். ஓர் அறை கொடுத்தால் அடி வாங்கியவனுக்கு வலிக்குமோ இல்லையோ, அடித்த கையின் மணிக்கட்டு கீல் வளைந்துவிடும். எடை பாதியாகவே இருந்தாலும் கணக்குப் போட்டால் காலின் மேல் வருகிற தகைவு மனிதக் காலில் வருவதைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். அதுவும் சும்மா நிற்கும்போது. ஓடினால்? குதித்தால்? அந்தக் காலுக்குள் எஞ்சின் வேறு சுற்றிக்கொண்டிருக்கிறது. கதைப்படி அது அணுச்சேர்க்கை எஞ்சின், காலுக்கு ஒரு குட்டிச் சூரியன். முட்டியில் அடிபட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

கதைக்குள் இதற்கெல்லாம் வேற்றுக்கிரகத் தொழில்நுட்பம் என்று ஒரே பதில். ஒத்துக்கொள்கிறேன், கதை என்றால் ஓர் இடத்தில் நம்பித்தான் ஆக வேண்டும். ஆனால் பேட்ராய்டுக்கு அந்த நம்பிக்கை நிறையத் தேவைப்படுகிறது. ஃபைட்டருக்குத் தேவையே இல்லை, ஏனென்றால் அது கிட்டத்தட்ட எஃப்-14தான். அந்த விமானம் முதலில் பறந்தது 1970இல், அமெரிக்கக் கடற்படை அதை 2006இல் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. இறக்கை 20 டிகிரியிலிருந்து 68 டிகிரி வரை சாயும், எப்போது எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். நம் விமானப்படையின் மிக்-27க்கும் சாயும் இறக்கைதான், 16, 45, 72 என்று மூன்று நிலைகள், 2019 டிசம்பரில் ஜோத்பூரில் வைத்து வழியனுப்பினார்கள். ஓர் இறக்கை ஒரே ஓர் அச்சில் சுழல்வதற்கு எஃப்-14இன் நடுவில் எவ்வளவு கனமான டைட்டானியப் பெட்டி வைத்து வெல்டிங் செய்தார்கள் தெரியுமா? ஒரு கீல் என்பது வரைபடத்தில் ஒரு சின்ன வட்டம். நிஜத்தில் அது எடை, கிரீஸ், தேய்மானம், விரிசல், அதைப் பார்க்க ஓர் ஆள், அவருக்கு ஒரு ஷிஃப்ட்.

இப்போது என் கட்சிக்காரருக்கு வருகிறேன்.

நிஜ ராணுவங்கள் உருமாறும் விமானத்துக்குப் பணம் கொட்டியிருக்கின்றன, கொட்டிக்கொண்டும் இருக்கின்றன. ஆனால் ஒரு ராணுவம்கூட விமானத்துக்குத் தலையும் முஷ்டியும் வைக்கப் பணம் கொடுக்கவில்லை. கொடுத்ததெல்லாம் நடுக் கோலத்துக்குத்தான். விமானமாக வேகமாகப் போக வேண்டும், ஆனால் ஓடுதளம் இல்லாத இடத்தில் மெதுவாக, முடிந்தால் அந்தரத்தில் நின்று, இறங்க வேண்டும். கெர்வாக் செய்வது அதைத்தான். எஞ்சினைக் கீழே திருப்பி, தன் நெருப்பின் மேலேயே நிற்கிறது.

நம் கடற்படையிலேயே அப்படி ஒன்று இருந்தது. சீ ஹாரியர், 1983இல் வந்து 2016இல் கோவாவில் விடைபெற்றது. ஒரே எஞ்சின், நான்கு குழாய்கள், நான்கும் சேர்ந்து கீழே திரும்பும். விமானி அறையில் த்ராட்டிலுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரே ஒரு லீவர், அந்தக் குழாய்களைத் திருப்புவதற்கு. மேக்ராஸின் 'ஜி' லீவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதற்கும் சிரிக்க வேண்டும்.

எஃப்-35பி இன்னும் ஒரு படி மேலே. பின்னால் உள்ள எஞ்சின் குழாய், மூன்று வளையங்களாக வெட்டிச் சுழலவிட்டதால், முழங்கால் மாதிரி மடிந்து கீழே பார்க்கும். விமானியின் முதுகுக்குப் பின்னால் ஒரு மூடி திறந்து உள்ளே ஒரு பெரிய விசிறி சுழலும். எஞ்சினிலிருந்து ஒரு நீண்ட ஷாஃப்ட், ஒரு கிளட்ச், ஏறத்தாழ 29,000 குதிரைத்திறன் அதன் வழியாகப் போகிறது. நம் டிவிஎஸ் வண்டியின் கிளட்சுக்கே நாம் படுகிற பாடு தெரியும். அந்த விசிறி வேலை செய்வது ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிஷம். மீதி நேரமெல்லாம் சும்மா சுமை. அது உட்கார்ந்த இடத்தில் எரிபொருள் வைக்க முடியாததால், சாதாரண எஃப்-35ஏ 8 டன்னுக்கு மேல் எரிபொருள் சுமக்கும்போது இது சுமப்பது 6 டன் அளவுதான். நடுக் கோலத்துக்குக் கொடுக்கிற வாடகை அது.

இந்த விமானத்தில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே வந்து தங்கியது நினைவிருக்கும். 2025 ஜூன் 14 அன்று பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலிலிருந்து கிளம்பிய எஃப்-35பி திருவனந்தபுரத்தில் இறங்கியது. ஹைட்ராலிக் கோளாறு. ஜூலை 22 வரை அங்கேயே கிடந்தது. கேரள சுற்றுலாத் துறை அதை வைத்து விளம்பரம் போட்டுக் கிண்டல் செய்தது, நாமும் மொபைலில் பார்த்துச் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு இன்னொன்றும் தோன்றியது. உலகத்தின் மிக நவீன உருமாறும் போர் யந்திரம், ஐந்து வாரத்துக்கு மேல் நின்றது. மேக்ராஸில் ஒரு தடவையாவது வால்கிரி ஹைட்ராலிக் கசிவால் நின்றிருந்தால் நான் அந்தத் தொடரை இன்னும் அதிகமாக நம்பியிருப்பேன்.

சிரிக்க முடியாத கணக்கும் இருக்கிறது. வி-22 ஆஸ்ப்ரே என்று ஒரு விமானம். இறக்கையின் இரண்டு நுனியிலும் எஞ்சினும் பெரிய விசிறியும். மேலே பார்த்தால் ஹெலிகாப்டர், முன்னால் சாய்த்தால் விமானம். விசிறியின் விட்டம் 11 மீட்டருக்கு மேல், ஆகவே முழு விமானக் கோலத்தில் தரையிறங்கவே முடியாது, விசிறி தரையில் அடிக்கும். எப்படிப் போனாலும் நடுக் கோலத்தைக் கடந்துதான் வீடு திரும்ப வேண்டும். 2000 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பயிற்சி இரவில், ஒன்று வேகமாகக் கீழே இறங்கியது. தான் கீழே தள்ளிய காற்றுக்குள் தானே இறங்கினால் விசிறிக்குப் பிடிமானம் போய்விடும். ஒரு பக்க விசிறி பிடிமானம் இழந்து, மறு பக்கம் இழக்காமல், விமானம் கவிழ்ந்தது. 19 வீரர்கள் இறந்தார்கள். 2023 நவம்பரில் ஜப்பானின் யகுஷிமா தீவுக்கு அருகே இன்னொன்று கடலில் விழுந்தது, 8 பேர். கியர்பாக்ஸில் ஒரு பல்சக்கரம் உடைந்ததில் ஆரம்பித்தது. வால்கிரி பிறந்த அதே ஜப்பான். அந்தச் செய்தியைப் படித்த அன்று சுவரில் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்ட்டூனில் லீவரை இழுத்து எண்ணுவதற்குள் கோலம் மாறிவிடுகிறது. நிஜத்தில் இப்படி உருமாறும் விமானத்தில் இவர்கள் இறந்திருக்கிறார்கள்.

"அப்போ அந்தக் கார்ட்டூன் பொய்தானே?" என்று கேட்கலாம். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தொடரில் வால்கிரி மட்டுமல்ல, 1,200 மீட்டர் நீளமுள்ள மேக்ராஸ் கப்பலே ரோபோ உருவத்துக்கு மாறும். எதற்கு? அழகுக்கு அல்ல. ஒரு விபத்தில் கப்பலுக்குள் இருந்த ஒரு பெரிய கருவி மறைந்துபோகிறது. அது இருந்த இடம் காலி. பிரதான பீரங்கிக்கு மின்சாரம் போகிற பாதை அந்த இடத்தில் அறுந்துவிடுகிறது. பாகங்களை இடம் மாற்றி அறுந்த பாதையை ஒட்டவைத்தால்தான் சுட முடியும். நம்ம ஊர் எலக்ட்ரீஷியன் ஃபேஸ் மாற்றிக் கொடுக்கிற மாதிரி ஒரு வேலை. ஆனால் அதற்குள் கப்பலின் வயிற்றில் அகதிகளாக வந்த பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் ஓர் ஊரையே கட்டிக் குடியிருக்கிறார்கள். கப்பல் உருமாறும்போது அந்த ஊர் நொறுங்குகிறது. தெரு பிளக்கிறது, கடைகள் சரிகின்றன. பீரங்கி சுடுகிறது, ஜெயிக்கிறார்கள், அப்புறம் மக்கள் இடிபாட்டைப் பார்த்து நிற்கிறார்கள். பெரிய யந்திரம் கோலம் மாறினால் உள்ளே இருப்பவனுக்கு என்ன ஆகும் என்று 1982இல் ஒரு கார்ட்டூனில் யோசித்திருக்கிறார்கள். இந்த ஓர் அத்தியாயத்துக்காகவே நான் அந்தத் தொடருக்கு அடிமை.

கெர்வாக்குக்குத் திரும்புகிறேன். அதன் முட்டி ஏன் பின்பக்கம் துருத்துகிறது? இதற்குப் பதில் எனக்குப் படத்தைப் பார்த்துத் தெரியவில்லை. செய்து பார்த்துத்தான் தெரிந்தது.

போன செமஸ்டர் லீவில் நானும் இரண்டு நண்பர்களும் சன்போர்டு, சைக்கிள் ஸ்போக்ஸ், ஸ்க்ரூ, நட்டு வைத்து மூன்றடி நீளத்தில் ஒரு வால்கிரி செய்தோம். (புராஜெக்டாகக் கொடுத்தோம், "இதில் சமுதாயத்துக்கு என்ன பயன்?" என்று திரும்பி வந்துவிட்டது. அது வேறு கதை.) ஃபைட்டராக நூலில் கட்டித் தொங்கவிட்டோம், அழகு. ரோபோவாக நிற்கவைக்க மூன்று நாள் போராடி, கடைசியில் முதுகுக்கு ஒரு குச்சி முட்டுக்கொடுத்தோம். கெர்வாக்கில் எங்கள் நண்பன் ஒருத்தனுக்குக் கோழிக்கால் பிடிக்கவில்லை. "மனுஷ முட்டி மாதிரி மடக்கலாம்டா, கெத்தா இருக்கும்" என்றான். மடக்கினோம். வைத்தவுடன் மூக்கு குப்புற விழுந்தது. வாலில் எடை கட்டினோம், அப்போதும் விழுந்தது.

பட்டறையில் பழைய இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் டீ டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். "தம்பி, விழறது எந்தப் பக்கம்?" என்றார். "மூக்குப் பக்கம் சார்." "அப்போ பாதம் எங்க வரணும்?" அவ்வளவுதான் கேட்டார். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விமானத்தின் ஈர்ப்பு மையம் இருப்பது உடம்பின் நடுவில். கால்களோ பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் எஞ்சின்கள். மனித முட்டி மாதிரி மடக்கினால் பாதம் இன்னும் பின்னால் போகிறது, மூக்கு விழுகிறது. தொடையைப் பின்னாலேயே விட்டு, முழங்காலுக்குக் கீழே உள்ளதை முன்பக்கமாக மடக்கினால் பாதம் நேராக ஈர்ப்பு மையத்துக்கு அடியில் வந்து நிற்கிறது. முட்டி பின்னால் துருத்துகிறது, கோழிக்கால்! அதே கால் ரோபோவாகும்போது மறுபக்கம் மடங்க வேண்டும், ஆகவே அது இருபக்கமும் மடங்கும் முட்டி. நிற்பதற்கு எது விதியோ அந்தரத்தில் மிதப்பதற்கும் அதுவே விதி. பாதத்திலிருந்து வருகிற நெருப்பின் விசை ஈர்ப்பு மையத்தின் வழியாகப் போனால்தான் விமானம் கவிழாது. ஹாரியரின் நான்கு குழாய்கள் உடம்பின் நடுவைச் சுற்றி இருப்பதும், எஃப்-35பிக்குப் பின்னால் ஒரு குழாய் இருப்பதால் முன்னால் ஒரு விசிறி தேவைப்படுவதும் இதனால்தான். வால்கிரிக்கு முன்னால் விசிறி இல்லை. ஆகவே காலை முன்னால் கொண்டுவருகிறது. ஹாஸ்டல் முழுக்கச் சிரித்த அந்த முட்டி, மூன்று கோலத்திலும் கணக்குக்குப் பணிந்து வந்த ஒரே முட்டி.

காலைத் திருத்திய அன்று மாடல் எந்த முட்டும் இல்லாமல் மேஜை மேல் நின்றது. ஃபேன் போட்டோம், லேசாக ஆடியது, விழவில்லை. கட்டுரை கேட்டு வந்த என் அறைத்தோழனும் அன்று பக்கத்தில் இருந்தான். "அட, நிக்குதுடா" என்றான். அவன் அந்தப் பெயரை மட்டும் இன்னும் மாற்றவில்லை.

மாடல் இப்போது ஃபிட்டிங் ஷாப் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. இறக்கை சாயவில்லை, அந்த லிங்க்கை நாங்கள் முடிக்கவில்லை. ஜூனியர்கள் யாராவது எடுத்துத் தொடர்வதானால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இடது முட்டி ஸ்க்ரூ கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது, தூக்குவதற்கு முன் அதை முடுக்கிவிடவும்.